க்வெண்டல்ஹோஃப் குடும்பத்தில் ஒரு சிவநேசன்

போன சனிக்கிழமை பாண் வாங்கப் போன இடத்தில், ஒரு பெயருக்காக ஒரு மனிதர் நடுங்கியதைப் பார்த்தேன்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி. போர்டில் ‘க்வெண்டல்ஹோஃப்’ என்று ஜெர்மன் குடும்பப் பெயர். உள்ளே நிற்பவரோ யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணை! அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், பிள்ளையில்லாத முதலாளிக்கு வயதானதும் கடையை அவரே வாங்கினார். போர்டை மாற்றவில்லை. தபால்காரர் “மிஸ்டர் க்வெண்டல்ஹோஃப்” என்று கூப்பிட்டால், அண்ணையும் கூசாமல் “யெஸ்” என்பார்.

அன்றைக்கு க்யூவில் எனக்கு முன்னால் ஒரு நெடிய ஜெர்மன்காரர். ரிட்டயரான பள்ளி ஆசிரியராம். பாஸ்போர்ட்டைத் திறந்து கவுன்டரில் வைத்தார். அதிலும் அதே பெயர்.

அண்ணையின் முகம் வெளிறிப் போயிற்று. என் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தார்: “தங்கச்சி, நான் பயந்தது நடந்திட்டுது. போர்டைக் கழட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறார். கடையைத்தான் எழுதி வாங்கினனான், பெயரை எழுதி வாங்கேல்லை...”

ஆனால் வந்தவர் சொன்ன காரணம் வேறு. அந்தப் பெயர் அவ்வளவு அபூர்வமாம். உலகம் முழுக்க அதைச் சுமப்பவர்களைத் தேடிப் பட்டியல் போடுகிறார் ஆசிரியர். எல்லோரும் இரண்டே பக்கத்தில் அடங்கிவிட்டார்கள்! ஒருவர் பாலம் கட்டிய இன்ஜினியர். ஒரு பெண்மணி தேவாலயங்களுக்கு ஆர்கன் செய்தவர். ஒரு பட்டன் ஃபாக்டரி, பிரேசிலில் ஒரு பல் டாக்டர்... ‘லண்டன் பேக்கரி’ என்ற வரியில் மட்டும் ஆளின் பெயர் காலியாக இருந்தது.

எனக்குப் பொறாமைதான். நமக்கு அப்பாவின் பெயர்தானே குடும்பப் பெயர்? தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். எங்கள் ஆட்களை இப்படித் தேடிப் பிடிக்க முடியுமா?

“உங்கள் பெயர்?” என்று ஆசிரியர் பேனாவை எடுத்தார். பொய் சொல்லியிருக்கலாம். அண்ணை சொல்லவில்லை. “நான் அந்தக் குடும்பம் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு வாளியைத் தூக்கி வந்தார்.

புளித்த மா. தயிருக்கு உறை மாதிரி, அந்த ஜெர்மன் குடும்பத்தின் ரை தானியப் பாணுக்கு அதுதான் உயிர். பழைய முதலாளியின் தாத்தா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததாம். தினமும் மாவும் தண்ணீரும் போடாவிட்டால் செத்துவிடும்.

பின்னாலேயே வந்த அண்ணையின் மனைவி ராணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, இவற்றை அப்பா, தவறினாப் பிறகு முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கெண்டு கடை பூட்டு. இந்தாள் அந்த முப்பத்தொரு நாளும் இதுக்குச் சாப்பாடு போட வந்தவர்! சொந்தக்காரர் எல்லாரும் ஏசினவை. இந்த ஜெர்மன்காரருக்குச் சொல்லும் தங்கச்சி, சொல்லும்!”

சொன்னேன். ஆசிரியர் குனிந்து வாளியை மோந்து பார்த்தார். ஒரு துண்டு பாண் கேட்டு, நின்றபடியே மென்றார். கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்? ஒரு குடும்பத்தின் பெயரை ரத்தத்தில் சுமப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி வாளியில் சுமந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

ஆசிரியர் காலி வரியில் நிதானமாக எழுதினார்: சிவநேசன்.

“அப்ப போர்டு...?” என்று அண்ணை இழுத்தார், என்னைப் பார்த்து. கேட்டுச் சொன்னேன்.

ஆசிரியர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். “இரண்டு எழுத்து மங்கியிருக்கிறது. பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.”

பாணுக்கு அவர் நீட்டிய காசை அண்ணை தொடவேயில்லை. “சொந்தக்காரரிட்டைக் காசு வாங்கிறதே?”

என்னிடம் மட்டும் வாங்கிக்கொண்டார்.