ஸ்டோரில் வைத்த ஃபிளாப்பி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. போடிமெட்டுக்கு இந்தப்புறம், ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருந்த வீடு. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டில்மேல் உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி நமுத்துப்போகும். பள்ளிக்கூடத்துப் பாவாடை மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். இதற்கெல்லாம் எங்களிடம் இருந்த ஒரே வைத்தியம் ஸ்டோர். பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறையை அப்படித்தான் சொல்வோம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றிவரும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். பாவாடையும் தீப்பெட்டியும் நோட்டும் அங்கேதான் காயும். ஒருமுறை அக்காவின் ஜாதகம்கூட அங்கேதான் காய்ந்தது.

எண்பதுகளின் கடைசி அது. அக்கா மதுரையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. கம்ப்யூட்டரை வீட்டில் வேறு யாரும் பார்த்ததில்லை. டைப் அடிக்கிற மாதிரி ஒரு சோலி என்று அப்பா ஊரில் சொல்லி வைத்திருந்தார். அக்கா ஏற்கெனவே ஒரு பரீட்சையில் தவறியிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்தார்கள். நான்கு நாள் லீவில் அவள் வந்து இறங்கியதும் அப்பா சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு ஆத்தா, திங்கக்கெழம பரீட்சையில ஒன் ப்ரோகிராம் ஓடுச்சுன்னா படி. நான் குறுக்க வரல. ஓடலேன்னா கம்பத்துக்குச் சொல்லி விட்டுர்றேன்."

அக்கா தலையை ஆட்டினாள். அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை.

அந்த லீவு முழுக்க அவள் நோட்டில் எழுதியது ஏலக்காயைப் பற்றித்தான். காய் என்றால் எடை இருக்கும், நிறம் இருக்கும், அளவு இருக்கும். அதை இங்கிலீஷில் எழுதி அடைப்புக்குறிக்குள் வைத்தால் அதற்குப் பெயர் கிளாஸ். பெரிய காய்க்கு ஒன்று, சின்னக் காய்க்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பொதுவானதில் எழுதியதைத் திரும்ப எழுத வேண்டாம், மற்ற இரண்டுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்றாள். அப்படியானால் காய் எங்கே என்று கேட்டேன். இது காய் இல்லை, காய் எப்படி இருக்கும் என்கிற எழுத்துத்தான், கம்பைல் ஆகி ஓடினால்தான் காய் வரும் என்றாள்.

கம்பைல் என்றால் மெஷின் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்ப்பதாம். முதல் தடவை அவள் எழுதியதைப் படித்துவிட்டுத் திரை கொள்ளாமல் குற்றம் சொல்லியதாம்.

"தப்பு இருந்தாத்தான் அது பேசும் பாப்பா. தப்பே இல்லேன்னா வாயத் தெறக்காது."

யாரிடமும் வாய் திறக்காத எனக்கு அந்த மெஷினைப் பிடித்துப்போனது. எனக்கும் அவள் ஒரு வேலை கொடுத்தாள். திறந்த அடைப்புக்குறிக்கெல்லாம் மூடுகிற குறி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் மூடாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

நோட்டில் இருந்தது பாதிதான். ஒரு மாதமாக லேபில் தட்டித் திருத்தியதெல்லாம் ஒரு ஃபிளாப்பிக்குள் இருந்தது. கறுப்பு அட்டை மாதிரி சதுரமாக, நடுவில் ஓட்டையோடு, வெள்ளைக் காகித உறையில் இருக்கும். அதை அவள் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அத்தனையும் போய்விடும் என்று நாளுக்கு நாலு தடவை சொன்னாள்.

சனிக்கிழமை அவளும் அம்மாவும் ஜீப்பில் போடிக்குப் போயிருந்தார்கள். விடாத மழை. ஓட்டிலிருந்து டிரங்குப் பெட்டிமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. திறந்து பார்த்தேன். உறையின் ஓரம் நனைந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். வெரசாகக் காயட்டும் என்று குழாய்க்குப் பக்கத்துத் தட்டாகப் பார்த்து, காய்களுக்கு நடுவில் வைத்தேன்.

சாயங்காலம் எடுத்தபோது உறை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது மட்டும் ஒரு பக்கம் அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. எடைக்கல்லை அதன்மேல் ஏற்றி வைத்தேன். ஜீப் சத்தம் கேட்பதற்குள் ஏறக்குறையத் தட்டையாகிவிட்டது. சேலைக்கு அடியில் பழையபடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முடிந்து, புதன்கிழமை அக்கா திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"ஓடலப்பா. நான் எழுதுனதுதான் தப்பு."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படியானால் ஃபிளாப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு எழுதியும் தப்பாக எழுதிவிட்டாளே என்று அவள்மேல் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன். அப்பா திட்டவில்லை. கம்பத்துக்கு ஆள் அனுப்பினார்.

தையில் கல்யாணம். பிறகு அவள் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காரவில்லை. நான் பத்தாவது முடித்தபோது, பெரியவளைப் படிக்கவைத்துப் பார்த்தது போதும் என்று அப்பா என்னையும் நிறுத்தினார். அதை எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்காகப் பேசியிருக்கக்கூடிய அக்காவும் கம்பத்திலிருந்து வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபிளாப்பியை எடுத்து, விளையாட வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தாள்.

"லேபுல உறையத் தெறந்ததும் ஏலக்கா வாசம் தூக்கிருச்சு பாப்பா. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாங்க."

எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. "நல்லா இருந்துச்சாக்கா?"

"நல்லா இருந்துச்சு."

அதற்குமேல் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் சேலையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். தப்பு இருந்தால்தானே பேசும்? அவள் பேசவில்லை. ஃபிளாப்பியை விசிறியாக வீசிக்கொண்டே பந்தலுக்கு ஓடினேன்.