ஒன்பதாம் நம்பர் அறையில் தங்கியவர்

ரிசப்ஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய ரசீது இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் ‘அறை’, மற்றதில் ‘தங்கியவர்’. இரண்டையும் சேர்க்கும் கோடு, தங்கியவர் பக்கம் காக்கைக் கால் போல மூன்றாகப் பிரியும். ஓர் அறைக்குப் பல ஆட்கள் என்று அர்த்தமாம். வரைந்தவள் எங்கள் லாட்ஜ் முதலாளியின் தம்பி மகள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்கென்று ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதித் தந்தாள். அதோடு ரிஜிஸ்டரில் எழுதுவதை நிறுத்திவிட்டோம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எதைத் தொட்டால் எது போகுமோ என்று எப்போதும் பயம். “பாம்பா அது? தொடுங்கண்ணா, கடிக்காது” என்று சிரிப்பாள்.

ஒருநாள் அந்தக் கோட்டின் மேல் பென்சிலை வைத்துக் கேட்டாள். “நாளைக்கு ஒரு ரூமை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டா, அதுல தங்குனவங்க விவரம் இருக்கணுமா, கூடவே போயிடணுமா? நான் எழுதுற ஃபிரேம்வொர்க் சாஃப்ட்வேரே கேக்குதுண்ணா, ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும்.” எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். “ரூமே இல்லன்னா ஆளு எதுக்குமா? போயிடட்டும்” என்றேன். எழுதிக்கொண்டாள்.

கார்த்திகை தீபம் முடிந்ததும் ஒன்பதாம் நம்பர் அறையைப் போர்வை, தலையணை வைக்கும் ஸ்டோர் ரூமாக்கினார் முதலாளி. இல்லாத அறையை யாருக்காவது கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் நானே திரையில் அதை அழித்தேன். மறுவாரம் ஓர் அம்மா வந்தார். தீபத்துக்கு வந்த அவருடைய அப்பா வீடு திரும்பவில்லை. அவர் காட்டிய போட்டோவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பதில் தங்கியவர், கூட இன்னொருவர் இருந்தார். “கூட வந்தவரு பேரு, போன் நம்பர், அது போதும்ங்க” என்றார் அந்த அம்மா. தேடினேன். ஒன்பதில் தங்கிய ஒருவர்கூட இல்லை. அடையாள அட்டைகளையும் அதிலேயேதான் ஏற்றியிருந்தோம்.

தம்பி மகள் ஓடி வந்து, வெகுநேரம் தட்டிப் பார்த்து, “போயிடுச்சுண்ணா. தனியா ஒரு காப்பியும் எடுத்து வைக்கல” என்றாள். “யாரைக் கேட்டுடி இப்படிப் பண்ண?” என்று முதலாளி கத்தினார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் பெரியப்பா. தப்பா போட்டுட்டேன்.” நான் சாவிகளை ஒழுங்காக மாட்டுவதுபோல் நின்றேன்.

அந்தக் கோட்டின் விதியை மாற்றித் தந்துவிட்டு அவள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது ஆள் தங்கிய அறையை அழிக்கப் போனால் திரை மறுத்துவிடும். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் அந்த இன்னொருவரைத் தேடுகிறேன். அவர் முகமும் எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது. அந்த அம்மா போன் செய்தால், “இன்னும் இல்லம்மா” என்கிறேன்.

சென்னைக்குப் போகும் அன்று இந்த ரசீதை அவள் என் கையில் கொடுத்தாள். கோட்டின் மேல் ‘கூடவே போகும்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘அண்ணன் சொன்னது’ என்றும் இருந்தது. முதலாளி கத்தியபோதும் இந்தத் தாள் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

இன்று காலையும் முதலாளி எதிரே உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் டம்ளரை வைத்துக் காபி குடித்தார். நான் வைத்தபடி, ரசீதின் அச்சுப் பக்கம்தான் மேலே இருந்தது.