ஒரு சிட்டிகை மைதா

சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகக்கண்களை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்ட பிறகுதான் மொஹ்சின் பாய் பின்னறைக்குள் காலெடுத்து வைப்பார். உள்ளே வேறு சட்டை, வேறு தட்டுகள், தனி அடுப்பு. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது அவருடைய பேக்கரி. முன்பக்கம் பன், வர்க்கி, பப்ஸ் எல்லாம் மைதாதான். பின்னறையில் கோதுமைக்கும், அதிலிருந்து வரும் மைதாவுக்கும் இடமில்லை. அங்கே மரவள்ளிக்கிழங்கு மாவு.

ஆத்தூர்ப் பக்கமிருந்து மூட்டையாக வரும் அந்த வெள்ளை மாவை விரலிடுக்கில் வைத்து அழுத்துவார். கிறீச்சென்று நெருடும். "சத்தம் வந்தா நல்ல சரக்கு" என்பார். அதோடு அரிசி மாவைச் சேர்ப்பார். கிழங்கு மாவில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வெந்நீரில் கஞ்சியாகக் கிண்டி ஊற்றுவார். கோதுமையின் இழுவை அரிசிக்குக் கிடையாது. ரொட்டி உதிராமல் பிடித்துக்கொள்வது இந்தக் கஞ்சிதான். "கிழங்கு ஜாஸ்தியானா ரப்பரு, கம்மியானா மண்ணு." வெந்த ரொட்டியைச் சூட்டோடு யாருக்கும் வெட்டித் தரமாட்டார். ஆறுகிற வரை உள்ளே பசைதான். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களில் கோதுமை சேராதவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். "தியானத்துக்கு அவ்ளோ நேரம் உக்கார்றாங்க, ரொட்டிக்கு உக்கார மாட்டாங்களா?" என்று சிரிப்பார்.

அவர்களை நம்பித்தான் பாய் இந்த அறையைக் கட்டினார் என்று சந்தில் பேச்சு. அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

எதிர்வீட்டு ரேவதியின் மகள் அபிநயா சிறுமியாக இருந்தபோது எது சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. கடைசியில் வேலூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார்: கோதுமை ஆகாது, துளியும் ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது. மற்ற பிள்ளைகள் பப்ஸ் வாங்கும்போது அவள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பாய் தானாகவே போய்ச் சொன்னார்: "இந்த வருசம் பொறந்தநாள் கேக் என் பொறுப்பும்மா. கோதுமை ஒரு பொட்டு இருக்காது."

முதல் கேக் நடுவில் குழிந்தது. அடுத்தது செங்கல். பாயின் மனைவி சதஃப் வாய்விட்டே சொன்னாள்: "எதுக்குங்க வம்பு? கொழந்த சமாச்சாரம்." அவர் விடவில்லை. ஒருவழியாகக் கேக் எழும்பி வந்தது. அபிநயா வாய் நிறைய வைத்துக்கொண்டு, "பாய் மாமா, பஞ்சாட்டம் இருக்கு!" என்றாள். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றாள்.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வாந்தி நிற்கவில்லை.

பிள்ளை வீடு திரும்பியதும் ரேவதி கடைக்கு வந்தாள். "சண்ட போட வரல பாய். என்னென்ன போட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க."

"அரிசி மாவு, கிழங்கு மாவு, முட்ட, வெண்ண, சக்கர. அல்லா மேல ஆணையா வேற ஒண்ணுமில்லம்மா. எல்லாத்தையும் அடிச்சி, டின்னுல வெண்ணெய தடவி..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் வலது கை தானாக எழுந்து, காலி டின்னின் மேல் எதையோ தூவுவதுபோல் விரல்களை அசைத்தது. கேக் டின்னில் ஒட்டாமலிருக்க ஒரு சிட்டிகை மைதா. வாலிப வயதிலிருந்து கைக்குப் பழகிப்போன வேலை. விரல்கள் அப்படியே நின்றன. ரேவதியும் அதைப் பார்த்தாள்.

"தூவிட்டேம்மா" என்றார்.

அவள் திட்டியிருக்கலாம். "சரி பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகும் அந்த வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேச்சு உண்டு, ரம்ஜானுக்கு வாழ்த்து உண்டு. அவர் கையால் செய்த பண்டம் மட்டும் அந்த வீட்டுக்குள் போவதில்லை. பின்னறையை அந்த வருஷமே கட்டினார். யார் யாரோ வந்து வாங்கித் தின்று, நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். யார் பாராட்டினாலும் அவர் பார்வை எதிர்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்.

போன மாதம் பால் பாக்கெட் வாங்க அபிநயா தனியாக வந்தாள். வளர்ந்துவிட்டாள், பள்ளிச் சீருடையில் ரெட்டைச் சடை. பாய் உள்ளே போய் ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்.

"அபி, இது தனி ரூம்ல செஞ்சது. தட்டு, டின்னு, அடுப்பு எல்லாமே தனி. இத்தினி வருசத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "வீட்ல போய் சாப்புடுறேன் மாமா." கண் தரையில் இருந்தது. பொட்டலத்தை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

அவருக்குப் புரிந்தது. "குடும்மா" என்று மெல்ல வாங்கி வைத்துக்கொண்டார்.

"கோவமா மாமா?"

"உம்மேல எனக்கென்னம்மா கோவம்?"

அவள் போகாமல் நின்றாள். கடை முகப்பில் ஏலக்கி வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. மொஹ்சின் பாய் அதன் கயிற்றை மட்டும் பிடித்து, பழத்தில் ஒரு விரல்கூடப் படாமல், தாரை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். அபிநயா ஒன்றைப் பறித்து, தானே உரித்து, அங்கேயே நின்று தின்றாள்.