பெரியப்பா வாட்ச்சின் ஆறு நிமிடம்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். மூத்தவள் இதைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கும் வயசாயிருச்சு" என்று சிரிப்பாள். சிரித்துக்கொள் மகளே. நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

உங்கள் பெரியப்பா, என் அண்ணன், கட்டியிருந்த சாவி வாட்ச் ஞாபகம் இருக்கும். பேட்டரி கிடையாது, பக்கத்துக் குமிழைத் திருகினால்தான் ஓடும். பழசாகிப்போய் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தும். அதனால் அவர் தினமும் விடிகாலையில், தேயிலை பெக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், குமிழை இருபது தரம் திருகுவார். பிறகு அதை வெளியே இழுப்பார், ஓட்டம் நின்றுவிடும். முள்ளை ஆறு மணியில் வைத்துக் காத்திருப்பார். சங்கு ஊதியதும் அமுக்குவார். அப்புறம் அன்றைக்கு முழுக்க அந்த வாட்ச் சொன்னதுதான் எங்களுக்கு நேரம்.

நீங்கள் கேகாலையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த வருடம்தான் அந்தப் பெருமழை வந்தது. கரண்ட் போய் மூன்று நாள். பெக்டரி ஓடவில்லை, போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போக கொழுந்து ஏற்றுகிற லொறி ஒன்றுதான் வழி. டிரைவர் ஆள் அனுப்பிச் சொன்னார், பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது, சரியாக மூன்று மணிக்கு பெக்டரியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று.

பெரியப்பா வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இந்தா, நேரத்த நீ பாத்துக்க. எனக்குக் கண்ணு இருட்டுது."

மழை அடித்து ஊற்றியது. உங்கள் பெரியம்மா "கிளம்பலாம் தம்பி, கிளம்பலாம் தம்பி" என்று கதவுக்கும் கட்டிலுக்கும் நடந்தார். "நேரம் இருக்கு அண்ணி, கொஞ்சம் மழை விடட்டும்" என்றேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் சொன்னேன்.

அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பெக்டரி வாசலுக்கு வந்தால் லொறி இல்லை.

"எங்கய்யா போனீங்க? மூணு மணி வரைக்கும் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே இருந்தான், இப்பதான் போறான்" என்றார் காவல்காரர்.

கையில் இருந்த வாட்ச்சைப் பார்த்தேன். மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெரியப்பாதான் நாற்காலியில் சாய்ந்தபடி என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "சங்கு ஊதலையேடா."

மூன்று நாளாகச் சங்கு இல்லை. மூன்று நாளாக அவர் சாவி மட்டும் கொடுத்திருக்கிறார், முள்ளை யாரும் திருத்தவில்லை; வாட்ச் ஆறு நிமிடம் பிந்திவிட்டது. இருட்டுவதற்குள் அந்த பெக்டரி வாசலிலேயே அவர் போய்விட்டார். அவர் சொன்னது என்னைக் குற்றம் சொன்னதா, தன்னையே நொந்துகொண்டதா, இன்றுவரை தெரியாது.

கருமாதி முடிந்து அண்ணி வாட்ச்சை என் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்கங்க தம்பி." வாங்கிக்கொண்டேன், ஆனால் கட்ட மனசு வரவில்லை. அவர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சாவி கொடுக்கவில்லை. ஒன்றரை நாளில் நின்றிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. சங்கு ஊதுகிற நேரம் பார்த்தால், ஒரு செக்கன் பிசகாமல் ஆறு.

நீயா சாவி கொடுத்தாய் என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன். "ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அகப்பையோடு திரும்பினாள்.

பலாங்கொடையில் வாட்ச் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். இரண்டு நாள் தன்னிடம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு நிமிசம் பின்னுக்குப் போயிருச்சு மல்லி. சாவி வாட்ச்னா புதுசே நாளைக்குப் பத்து செக்கன், இருபது செக்கன் முன்ன பின்ன ஓடும். படுக்க வச்சா ஒரு மாதிரி, நிக்க வச்சா ஒரு மாதிரி. இது கிழவன். உங்க வீட்டுல சரியா காட்டுதுன்னா, யாரோ திருத்துறாங்க."

மல்லி என்றால் அவர்கள் பேச்சில் தம்பி. வாட்ச்சைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் விடியுமுன் படத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்தேன். பனி கதவிடுக்கில் புகுந்து வந்தது. வாட்ச் டிக் டிக் என்றது. திடீரென்று கிர்ரிக், கிர்ரிக் என்று ஒரு சத்தம், குமிழ் திருகும் சத்தம். எண்ணினேன். இருபது. அதற்குப் பிறகு டிக் டிக் நின்றது. சங்கு ஊதியது. டிக் டிக் மறுபடி ஆரம்பித்தது. ஆணியில் வாட்ச் ஆடக்கூட இல்லை. நம்பினால் நம்புங்கள்.

இதற்குக்கூடப் பயப்படவில்லை நான். போன மழையில் மறுபடி மூன்று நாள் கரண்ட் போனது. பெக்டரி மூடிக் கிடந்தது. இந்தத் தடவை என் போனில் சார்ஜ் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஏதோ தோன்றி போனை எடுத்துக்கொண்டு படத்துக்குக் கீழே போய் நின்றேன்.

போனில் மூன்று தாண்டி ஒரு நிமிடம். வாட்ச்சில் மூன்றுக்கு ஐந்து.

அவருக்கும் அங்கே சங்கு கேட்டால்தான் நேரம் தெரிகிறது. அன்றைக்குப் போலவே ஆறு நிமிடம் பிந்திய நேரத்தில், சங்கு ஊதலையேடா என்று, அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வானம் இருட்டினால் இப்போதெல்லாம் நான் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சுவரைத்தான் பார்க்கிறேன்.