முப்பத்தொரு நாள் திறக்காத பெட்டி

அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. வட்ட ஸ்டிக்கர். சிவப்பு எழுத்தில் 128 ஜீபி என்று போட்டிருந்தது. நான் உன்னிச்சைப் பக்கம் ஒரு குளத்து வேலைக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் களஞ்சியம் பார்த்தவன். சீமெந்து வந்தால் ஒரு பையையாவது கிழித்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்ததில்லை. ஆணிப் பெட்டியைக்கூடக் கொட்டிக் கிளறிப் பார்ப்பேன். லொறிக்காரர்கள் என் முகத்தைக் கண்டாலே முணுமுணுக்கத் தொடங்குவார்கள். அப்படிப்பட்ட நான் நெட்புக் என்கிற அந்தச் சின்னக் கணினியை, பெட்டியின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் ஊர் கல்லாறு பஸ்ஸில் ஏறி வந்தேன். சீ, நானும் ஒரு களஞ்சியக்காரன்!

மகளுக்காகத்தான் அதை வாங்கப் போனேன். அவள் இரண்டு வருடமாகத் தூரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு விடியற்காலை பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. துணித் தூசு நெஞ்சுக்குள் போய்ப் போய், கிழமைக்கு இரண்டு தரமாவது மருந்தை உறிஞ்சிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். அந்த வேலையை விடச் சொல்லி டொக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு நிறுவனம் அவளை எடுத்தது. பாட வீடியோக்களைப் பார்த்து, பேசுவதைத் தமிழில் எழுதி, படத்துக்குக் கீழே போடுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். சொந்தமாகக் கணினி வேண்டும், அதன் உள்ளே 128 ஜீபியாவது இடம் இருக்க வேண்டும். வேலை தொடங்க ஆறு கிழமை இருந்தது. வாங்கிய உடனேயே அவர்கள் அனுப்பும் சோதனைப் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, சரியா பிழையா என்று அறிவிக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் அதை நம்பித் தொழிற்சாலைக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நின்றுவிட்டாள்.

நகரத்தில் நான் முதலில் ஏறிய கடையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும். கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னாள்.

"ஐயா, இந்தச் சின்ன நெட்புக்கில சேமிக்கிற இடம் மதர்போர்டோட ஒட்டித்தான் வரும். அறுவத்திநாலு எண்டா கடைசி வரைக்கும் அறுவத்திநாலுதான். பொறகு கூட்ட ஏலா. அதிலயும் பாதிய விண்டோஸ் திண்டிரும்."

"மெமரி காட் ஒண்டு போட்டா?"

"படம், பாட்டு வைக்கலாம் ஐயா. வேலை செய்யிற புரோகிராம் அதில சரிவராது. ஊர்ந்து ஊர்ந்துதான் ஓடும்."

எனக்கு அது உடனே விளங்கியது. களஞ்சியத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டின சீமெந்துத் தட்டும் இருக்கும், கழற்றி மாட்டுகிற இரும்புத் தட்டும் இருக்கும். சுவர்த்தட்டை நீட்ட முடியாது. பெரிய ஹாட் டிஸ்க் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றையும் காட்டினாள். இடம் தாராளம், ஆனால் உள்ளே தட்டுச் சுழல்கிற சாமான், ஒரு தரம் மேசையிலிருந்து விழுந்தால் கதை முடிந்தது என்றாள். எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் வைக்கலாமே என்று கேட்டேன். "கல்லாத்தில சிக்னல் எப்பிடி ஐயா?" என்று திருப்பிக் கேட்டாள். வாவிப் பக்கம் மழை இருட்டினாலே எங்கள் வீட்டில் சிக்னல் ஓடி ஒளிந்துவிடும். நான் அதைச் சொல்லவில்லை, சிரித்து மழுப்பினேன்.

கடைசியில் அவள் ஒன்றை எடுத்து வைத்தாள். ஏதோ கந்தோரில் பாவித்துக் கழித்த கறுப்பு மடிக்கணினி. கொஞ்சம் பாரம். உள்ளே 256 ஜீபி எஸ்எஸ்டி புதிதாகப் போட்டிருந்தது. "உங்கட காசுக்கு இதுதான் ஐயா நல்லம். வேணுமெண்டா பொறகு இன்னும் பெரிசு மாத்தலாம்" என்றாள். நான் மூடியைத் திறந்தேன். மூன்று எழுத்துகள் அழிந்திருந்தன. கை வைக்கிற மூலையில் யாருடையதோ வியர்வையும் எண்ணெயும் படிந்து பளபளவென்றிருந்தது. எனக்கு அருவருத்துவிட்டது. என் பிள்ளையின் முதல் சாமான், அதில் கண்டவன் கையழுக்கா? பிறகு வருகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருந்தால் அந்த அழுக்குப் போயிருக்கும். என் புத்திக்கு எந்த ஸ்பிரிட்டைப் போடுவது?

இரண்டாவது கடையில் குளிரூட்டி இருந்தது, தேத்தண்ணீர் வந்தது. முதலாளிப் பொடியன் என்னைக் கதிரையில் இருத்தி, சாமானைப் பற்றி ஒரு சொல் பேசாமல், "நீங்க எவடம்? ஆர்ர ஆக்கள்?" என்று தொடங்கினான். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வரும். தாயின் குடிதான் பிள்ளைக்கும். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவன் தன் தாயின் தாயைச் சொன்னான். இரண்டு பேரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி என்று வந்து முடிந்தது.

"அப்ப நீங்க எனக்குச் சொந்த மாமாவெல்லோ! முதல்லயே சொல்லப்படாதா?"

அந்த 'மாமா'வில் நான் விழுந்தேன். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புதுச் சாமான், கையில் தூக்கினால் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் பாரம். திறந்து பார்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

"இஞ்ச வச்சு உடைக்கிறதா மாமா? புதுச் சாமான். நல்ல நேரம் பாத்து மச்சாள்ட கையால திறக்க வையுங்க. ஏதும் பிழை எண்டா ஏழு நாளைக்குள்ள கொண்டு வாங்க, ஒரு கதையும் இல்லாம மாத்தித் தாறன்."

என் மகளை அவன் மச்சாள் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முறையைக் கூட்டினால் அப்படித்தான் வருகிறது. மருமகனைச் சந்தேகப்பட்டால் மரியாதையில்லை என்று காசைக் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

வீட்டுப் படியில் கால் வைக்கத் தொலைபேசி அடித்தது. பனிச்சங்கேணியில் இருந்த என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, செத்துப்போனார். பன்னிரண்டு வருடமாக எனக்கும் அவருக்கும் பேச்சில்லை. ஒரு வேலிச் சண்டை. இருந்தாலும் தாய்வழி அண்ணன், சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, விழுந்தது விழுந்ததுதான். முப்பத்தொண்டு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை, கழியும் வரை வீட்டில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாது. பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

மகள் என் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, செத்தது உங்கட குடி. நான் அம்மாட குடிதானே? எனக்குத் துடக்கு இல்லையே. இதுவும் அம்மாட வீடு. நான் திறக்கிறன், நீங்க தொடாதீங்க."

"புள்ள சொல்றது சரிதானே" என்றாள் மனைவி.

நியாயம்தான். அவள் சொன்னதில் ஓட்டையே இல்லை. எங்கள் முறையை எங்களுக்கே எடுத்துக் காட்டினாள். அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ட காசில வாங்கின சாமான்! செத்தவீட்டுக்குப் போயிற்று வந்து பெட்டி உடைக்கிறதா? ஊர் காறித் துப்பும்!" என்று கத்தினேன். கத்தியதில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. மருந்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். உண்மையைச் சொன்னால், அந்த மனிதர் செத்ததற்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முறை தவறாதவன் என்று நாலு பேர் என்னைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பனிச்சங்கேணிச் செத்தவீட்டுக்கு அந்த மருமகனும் வந்திருந்தான். செத்தவர் அவனுக்கும் மாமா முறைதானே. வெள்ளைச் சேர்ட், குனிந்த தலை. என் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டான்.

"பெட்டி திறந்திட்டீங்களா மாமா?"

"இல்ல மருமகன், அதுக்குள்ள இப்பிடி வந்திட்டுது."

"நல்லம் மாமா. முப்பத்தொண்டு கழியட்டும். என்ன அவசரம்?"

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பொடியன் என்று நான் உள்ளுக்குள் மெச்சினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொல்லிப் புகழ்ந்தேன். நினைக்க நினைக்க என் நாக்கையே இழுத்து அறுக்க வேண்டும்போல் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, மறுநாள் நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி வைத்து மகளைத் திறக்கச் சொன்னேன். கம்பனிச் சீல் என்று நான் எண்ணியிருந்தது கடையில் ஒட்டின வெறும் டேப். நக நுனியால் உரிந்து வந்தது. உள்ளேயிருந்து மலிவான பிளாஸ்டிக் நாற்றம் ஒன்று எழும்பியது. அவள் அதை இயக்கி, அங்கே இங்கே தட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பா, இதில உள்ளுக்குள்ள அறுவத்திநாலுதான் கிடக்கு. மற்ற அறுவத்திநாலு, பக்கத்தில செருகியிருக்கிற மெமரி காட். ரெண்டையும் கூட்டித்தான் நூத்தியிருவத்தெட்டு."

சொல்லிக்கொண்டே விளிம்பிலிருந்து நகத்தளவு துண்டு ஒன்றைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நிறுவனத்தின் சோதனைப் புரோகிராம் இடம் போதாது என்று சிவப்பாகக் காட்டி நின்றது. அவள் கொழும்புக்குப் பேசினாள். வேறு கணினி எடுத்து வருகிற திங்கட்கிழமைக்குள் சோதனையை முடிக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் அடுத்ததாக நிற்கிற ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். ஏன் ஒரு மாதமாக ஓட்டிப் பார்க்கவில்லை என்றும் கேட்டார்களாம். அவள் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் முற்றத்துக்கு எழுந்து போய்விட்டேன்.

அன்றைக்கே பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். இந்த முறை கதிரையும் இல்லை, தேத்தண்ணீரும் இல்லை.

"பில்லில ஏழு நாள் எண்டு எழுதிக் கிடக்கு மாமா. இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"துடக்கு எண்டு உனக்குத் தெரியாதாடா? நீயும்தானே செத்தவீட்டுக்கு வந்தனீ?"

"வந்தனான்தான்."

"உனக்கும் அதே துடக்குத்தானே? அப்ப நீ மட்டும் கடைய எப்பிடித் திறந்தாய்?"

"கடைச் சொந்தக்காரன் துடக்கு எண்டா வாடகைய விடுவானா மாமா? நான் அடுத்த நாளே திறந்திட்டன்."

"பொறகு என்னத்துக்கு என்னத் திறக்க வேணாம் எண்டாய்?"

அவன் சிரித்தான். "நீங்க முறை பாக்கிற ஆள் மாமா. பெரியாக்கள் செய்யிறதுக்கு நான் எதிர்த்துச் சொல்லலாமா?"

எண்ணெய்ப் பலகாரம் தின்ற வாயைப் போலிருந்தது அந்தச் சிரிப்பு. அறுவான், என்னை அளந்து வைத்திருக்கிறான். பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியதைவிடச் சுத்தமாக என் நெற்றியில் ஒட்டியிருக்கிறான். பொலிஸுக்குப் போவேன் என்று கத்தினேன். போங்க மாமா என்றான். பில்லில் 128 மொத்தம் என்றுதான் எழுதியிருந்தது. மொத்தம் என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவன் வாசல்படியில் காறித் துப்பிவிட்டு இறங்கினேன். அது அவன் மேல் படவில்லை, படியில்தான் விழுந்தது.

வரும் வழியில் முதல் கடைக்கும் போனேன். அந்தப் பிள்ளை நெட்புக்கைத் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இதுக்குள்ள மாத்த இடமே இல்ல ஐயா." அந்தக் கறுப்பு மடிக்கணினி விற்றுப்போயிருந்தது. இருந்திருந்தாலும் வாங்க என் கையில் ஒன்றுமில்லை. யாரிடமாவது கைமாற்றுக் கேட்கலாம் என்று இரண்டு வீட்டுப் படி ஏறினேன். முப்பத்தொண்டுக்கு என்னோடு வந்து வயிறாரத் தின்றுவிட்டுப் போன வீடுகள். ஒன்றில் தேத்தண்ணீர் தந்தார்கள், மற்றதில் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை வந்தது, போனது. கொழும்பு வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. மகள் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுநாள் அவளே தொழிற்சாலைக்குப் போன் எடுத்தாள். பழைய இடத்தில் வேறு ஆள் இருக்கிறாளாம், புது ஆள் மாதிரிச் சேர்ந்தால் எடுக்கிறோம், வெட்டுத் துணிப் பகுதியில் என்றார்களாம். தூசு அதிகமான பகுதி அதுதான். வெள்ளிக்கிழமை காலையே வரச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஒரு பழிச்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியாவது தொலைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு எழும்பி அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். சோற்றுப் பார்சலையும் உறிஞ்சுகிற மருந்தையும் பையில் வைத்துவிட்டாளா என்று இரண்டு தரம் கேட்டேன். ஓம் என்றாள். ரோட்டில் வேறு மூன்று தொழிற்சாலைப் பெட்டைகள் தலையை மூடிக்கொண்டு நின்றார்கள். பஸ் வெளிச்சம் தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, புதுசாச் சேருறன்தானே. இண்டைக்கு நாள் நல்லமா எண்டு பாத்தீங்களா?"

கேலிக்குக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா, அந்த இருட்டில் முகம் தெரியவில்லை. முதல் நாள் பின்னேரமே நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டேன். நவமி. அதன் மேல் கரிநாள் என்றும் போட்டிருந்தது.

"பாத்தன் மகள். நல்ல நாள்" என்றேன்.