மஞ்சளாய்ப் போன மறுதாம்பு

வசந்தாமணியின் புருஷன் சின்னண்ணன் சங்ககிரியில் லாரி ஓட்டினார். பம்பாய், நாக்பூர் என்று போனால் ஊர் திரும்ப வாரக்கணக்காகும். அதனால் மோகனூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் இருந்த கரும்புத் தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி தங்கசாமியின் கரும்பு. ஆத்தா சீக்கிரமே போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனதும் அவள்தான்.

1974. யூரியாவுக்கு நாடே அலைந்த வருஷம். பர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் கடை வாசலில் நிற்பார்கள், மூட்டை வராது. அந்த வருஷம் வெட்டு முடிந்த அவள் வயலுக்கு, சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் கைலாசம் வந்தார். கெங்கவல்லிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாத மனுஷன்.

"இந்த வாட்டி சோகையைக் கொளுத்தாதீங்கம்மா. மறுதாம்புக்குப் பார் இடுக்குல பரப்பி விடுங்க. ஈரம் காயாது, களை வராது, மக்கினா எரு" என்றார்.

ஊரில் எல்லாரும் வெட்டு முடிந்ததும், கரும்பின் காய்ந்த இலையான சோகைக்குத் தீ வைத்துவிட்டு, வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க விடுகிறவர்கள். அவள் யோசித்தாள்.

"ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது" என்றார் அவர். "சோகை மக்குறப்ப மண்ணுல இருக்கிற தழைச்சத்தை அதுவே இழுத்துக்கும். முதல் வருஷம் சோகைக்குன்னு கூடுதலா யூரியா போட்டே ஆகணும். இல்லேன்னா கரும்பு பட்டினி கிடக்கும்."

அவள் சம்மதித்தாள். ஆலையின் சோதனை வயல் என்பதால் அந்தக் கூடுதல் யூரியாவை ஆலையே கொடுத்தது. மூட்டைகளைத் தோட்டத்துக் குடிசையான சாளையில் அடுக்கினாள். சோகையைப் பரப்பி முடித்த வாரத்திலேயே தொப்பூர் கணவாயில் சின்னண்ணனின் லாரி கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டதென்று ஆள் வந்தது. உடுத்திய சேலையோடு சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட வந்த தம்பியிடம் யூரியாவை எப்போது, எப்படிப் போடவேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள்.

"நீ மாமனைப் பாருக்கா. தோட்டம் எங்க ஓடிப் போயிருது?" என்றான்.

இடையில் ஒருமுறை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வந்தான். கட்டுப் போட்ட மாமனின் காலைப் பார்த்துக் கண் கலங்கினான்.

கட்டுப் பிரித்து, புருஷனை அழைத்துக்கொண்டு அவள் ஊர் வந்து பார்த்தபோது மறுதாம்பு மஞ்சளாய் நின்றது. பரப்பிய சோகை அப்படியே கிடக்க, அதற்கு நடுவில் சீக்குப் பிடித்தவன் மாதிரி வெளுத்த கரும்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் தங்கசாமியின் கரும்பு கருகருவென்று எழும்பியிருந்தது.

"யூரியா போட்டியா சாமி?"

"போட்டாச்சுக்கா. நானே நின்னு போட்டேன்."

கைலாசம் வந்தார். சோகையை விலக்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "கூடுதல் யூரியா நெசமாவே போட்டாச்சாம்மா?"

"என்ற தம்பி போட்டானுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ற தம்பி எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டானுங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் என்ற பயிர் போச்சு. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்.

கரும்பு விவசாயிகள் கூட்டத்தில் தங்கசாமி எழுந்து நின்றான். "எங்கக்கா வயலைப் போய்ப் பாருங்க. சோகை தின்னது போக மிச்சம்தான் கரும்பு" என்றான். கூட்டம் சிரித்தது. கைலாசம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சோகை பரப்பவில்லை. கொஞ்ச காலத்தில் கைலாசத்தையும் காணோம். விவசாயிகளுக்காகப் பேசுகிறவன் என்று தங்கசாமிக்குப் பேர் வந்தது. சங்கத் தேர்தலுக்கு நின்றான். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் வசந்தாமணி.

பிறகு வருஷா வருஷம் அவளும் சோகைக்குத் தீ வைத்தாள். மண் இறுகிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னைவிட அதிகமாக யூரியா கேட்டது. கரும்பு மளமளவென்று வளர்ந்து, காற்றடித்தால் படுத்துக்கொண்டது.

1982-இல் ஒரு வெட்டு முடிந்த சமயம். கூலிக்கு வரும் ஆராயி, தன் குடிசைக் கூரைக்குச் சோகை கட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், "முன்னொருக்கா கொளுத்தாமப் பரப்பினீங்களே அம்மிணி, அந்த வருசம் ஒரு களைகூட இல்லீங்க" என்றாள்.

"களை இல்லாம இருந்து என்ன பண்றது? எம்புட்டு யூரியா போட்டும் பயிர் வெளுத்துப் போச்சே."

ஆராயி நிமிர்ந்தாள். "நம்ம வயல்ல எங்கீங்க போட்டோம்? அக்கா வேண்டாம்னிருச்சுன்னு உங்க தம்பி சொன்னாருங்க. மூட்டையெல்லாம் அவரு வயலுக்குத்தானுங்க போச்சு. நாந்தானுங்க சொமந்தேன்."

வசந்தாமணி அரிவாளைக் கீழே போட்டாள். வரப்பைத் தாண்டிப் போனாள். தங்கசாமி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமாக்கா. காஞ்ச சோகைக்குப் போயி யூரியா போடுவாங்களா? என்ற பயிரு வெளுத்துக் கெடந்துச்சு. ஊர் பூராத் தேடியும் ஒரு மூட்டை சிக்கல. அக்கா பண்டம்தானேன்னு எடுத்தேன்."

"எடுத்தது போகட்டும். கேட்டிருந்தா நானே தந்திருப்பேன். போட்டேன்னு எதுக்குச் சொன்னே?"

அவன் வாளியை எடுத்து மாட்டுக்கு இன்னும் தண்ணி ஊற்றினான்.

"அந்த மனுசனைக் கூட்டத்துல வெச்சு மானத்தை வாங்கினியே. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே பேசினே?"

"எட்டு வருசக் கதை. இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

அன்று அவள் சோறு தின்னவில்லை. சாத்துக்குடிதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. அதை வாங்கி வந்த அன்றைக்கு மூட்டைகள் ஏற்கெனவே இடம் மாறியிருந்தனவா? அப்படியானால் அந்தக் கண்ணீர் எதற்கு?

"அவன் சங்கதி எப்பவும் அப்படித்தான். உடு" என்றார் சின்னண்ணன். அவளால் விட முடியவில்லை. ஆலையில் விசாரித்து, பஸ் மாறி மாறி கெங்கவல்லிக்குப் போனாள். வேலையை விட்டுவிட்டுச் சொந்த நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார் கைலாசம். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கை கூப்பினாள்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க தம்பி பொய் சொல்ல மாட்டான்னு அடிச்சுச் சொன்னீங்க. அப்புறம் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சும்மா. அதோட எந்த விவசாயிகிட்டயும் சோகையைப் பத்திப் பேசறதை விட்டுட்டேன்" என்றார். உள்ளே திரும்பி, மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பட்டத்தில் அவள் சோகையைப் பரப்பினாள். யூரியாவைத் தன் கையாலேயே போட்டாள். மறுதாம்பு பச்சையாய் எழுந்தது. அடுத்த வருஷம் உரமும் தண்ணீரும் குறைவாகவே கேட்டது. செய்தி பரவி ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

ஒரு நாள் கரும்புக்குள் அவள் சோகை உரித்துக்கொண்டிருந்தபோது வரப்பில் பேச்சுக் குரல் கேட்டது. தங்கசாமி, வெளியூர் விவசாயிகளைக் கூட்டி வந்திருந்தான்.

"எங்கக்கா வயலுங்க. நாங்க அந்தக் காலத்துலயே ஆரம்பிச்சது. முத வருசம் மட்டும் யூரியா கூடுதலாப் போட்டறோணுங்க. இல்லீன்னா பயிரு மஞ்சளாப் போயிரும்" என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தான்.

அவள் வெளியே வரவில்லை. அவர்கள் போகிறவரை கரும்புக்குள்ளேயே நின்றாள். அதற்கப்புறம் தங்கசாமியோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.