மேசை மேல் போட்ட துண்டு

எங்கள் மகள் சிங்கப்பூரில் நர்ஸாக வேலை செய்கிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். லீவு வேண்டுமென்று சூப்பர்வைசரிடம் கேட்டது நானல்ல. பக்கத்து மேசையில் வேலை செய்யும் என் தோஸ்த்தான் எனக்காகக் கேட்டார்.

நான் அப்படித்தான். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூச்சத்துக்கு அது காரணமில்லை. என்னோடு படிப்பை நிறுத்தியவர்கள் எல்லோரும் நன்றாக வாயடிக்கிறார்கள். பிரியாணிக் கடைக்குப் போனால்கூட அந்த தோஸ்த்தான், "பாய், இங்க ரெண்டு ப்ளேட், கத்தரிக்கா ஜாஸ்தி!" என்று குரல் கொடுப்பார். நான் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை வேலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தேன். ஏறிப் போய்ப் பார்த்தால் அதில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை. வேலூர் வரை நின்றுகொண்டே போனேன். அவன் என் துண்டையே போர்த்திக்கொண்டு தூங்கினான்.

இப்படிப்பட்டவன் மனைவியை ஓட்டலுக்கு எங்கே கூட்டிப்போவது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் தனியாக அவளை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்ததில்லை. போனால் உறவுக்காரர் யாராவது கூட இருப்பார்கள். பேசுவது அவர்கள் வேலை.

சிங்கப்பூரில் முதல் ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் எல்லாவற்றையும் காட்டினார்கள். திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். போகும்போது மகள் சொன்னாள்: "நைனா, தனியா எங்கயும் போவாதீங்க. உங்களுக்கு வழி கேக்கக்கூட வாய் வராது. ஞாயித்துக்கெழம நாங்களே கூட்டினு போறோம்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது மாடி வீடு. ஜன்னலில் நின்றால் எதிர் வீடுகளில் மூங்கில் கழியில் துணி காய்வது தெரியும். தூரத்தில் கடலில் கப்பல்கள் லாரி மாதிரி வரிசை கட்டி நிற்கும். இரண்டு நாள் அதையே பார்த்தோம். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு மேலும் அடுப்பு எரியவில்லை.

"சோறு ஆக்கலியா? ஒடம்பு சரியில்லியா?" என்றேன்.

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது. கீழ ஊரே நடமாடுது. நான் இங்க கம்பி எண்ணினு இருக்கேன். நீங்க கூட்டினு போங்க."

"ஞாயித்துக்கெழம..."

"பொண்ணு வேணாம், மாப்பிள்ள வேணாம். நீங்க கூட்டினு போங்க. இன்னிக்கு நீங்க போலன்னா நாளைக்கும் போவ மாட்டீங்க. ஊருக்குப் போய்ட்டா சாவற வரிக்கும் போவ மாட்டீங்க."

அவள் புதுச் சேலை கட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருமகன் காட்டியிருந்தார். ஒரே கூரையின் கீழ் சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் மேசைகள். வாங்குகிற இடத்தில் வாங்கிக்கொண்டு, கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நாங்கள் போனது மத்தியானம். ஆபீஸ் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருந்தது.

சில மேசைகளில் ஆளே இல்லை. ஆனாலும் யாரும் அங்கே உட்காரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பாக்கெட் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது நம்ம பஸ்ஸ்டாண்டு மாதிரிதான்" என்றேன் மனைவியிடம். அந்த ஊரில் யாரும் சொல்லாமல் நானே தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது. காலியாக ஒரு மேசை கண்ணில் பட்டதும், தோளில் இருந்த கட்டம்போட்ட துண்டை எடுத்து நன்றாக விரித்துப் போட்டேன். இனி எவனும் கிட்டே வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் தமிழ்க்காரர் கடைக்குப் போனேன். "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றார் அவர். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "ஒன்னுமில்ல, சும்மா" என்று சொல்லிவிட்டு விலகி வந்துவிட்டேன்.

மனைவி அதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரு பிரியாணிதான் விக்கிறாரு. ஆம்பூர்லேர்ந்து பிளேன் ஏறி வந்து பிரியாணி துன்னோம்னா ஊர்ல சிரிப்பாங்க. அதோ, அந்தம்மா கடையில எறா போட்டு ஒன்னு தர்றாங்களே, அத வாங்குங்க" என்றாள்.

அது ஒரு சீனத்து அம்மா கடை. போட்டோ மாட்டியிருந்தார்கள். இறாலும் நூடுல்ஸும் போட்ட சூப். இரண்டு விரலைக் காட்டி, போட்டோவைக் காட்டினேன். அந்தம்மா என்னவோ கேட்டார். தலையாட்டினேன். மறுபடி என்னவோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அதனால்தானோ என்னவோ, கிண்ணங்கள் இரண்டும் மிளகாயால் செக்கச்செவேலென்று வந்தன. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வாங்கிவிட்டேன் என்கிற நினைப்பில் சூடுகூடத் தெரியவில்லை.

மேசையில் என் துண்டு இல்லை. மேசை பளபளவென்று துடைத்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மேசை துடைக்கிற வயதான அம்மா ஒருவர் இன்னொரு மேசையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் என் துண்டு.

வேறு மேசை எதுவும் காலியில்லை. தட்டு கனத்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம் என்று நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். "வூட்டுக்கே போலாம், வாங்க" என்று மெல்லச் சொன்னாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

அது எனக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா! அது என் துண்டும்மா!"

நான்தான் கத்தினேன். அத்தனை தலையும் திரும்பியது. அந்த வயதான அம்மா கையைத் தூக்கித் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தட்டை அந்த மூவரின் மேசை மூலையில் வைத்துவிட்டு, துண்டு விரிப்பதுபோல் கையை விரித்துக் காட்டினேன். என்னைத் தொட்டு, மனைவியைத் தொட்டு, மேசையைத் தட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மூவரில் ஒருவர் தமிழர். "சாரி அங்கிள், உங்க துண்டா? யாரோ துடைக்கிற துணிய விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நாங்கதான் அந்த ஆன்டிகிட்ட எடுத்துக் குடுத்தோம்."

"தொடைக்கிற துணியா? நான் எடம் புடிச்சிட்டுப் போனேன் சார்!"

"துண்டு போட்டா?"

"பின்ன? எங்க ஊர்ல பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு உள்ள போயிடும். துண்டு ஏறிட்டா ஆளு ஏறின மாதிரி. நீங்க இத்தனூண்டு காயிதம் வெச்சி புடிக்கிறீங்க. என்து எவ்ளோ பெரிய துண்டு! அது கண்ணுக்குத் தெரியலியா?"

அவர் அதைத் தன் கூட்டாளிகளுக்கு இங்கிலீஷில் சொன்னார். மூவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான் சொன்னதற்குச் சிரித்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். நகர்ந்து, பக்கத்திலிருந்து முக்காலி இழுத்துப் போட்டு, இடம் கொடுத்தார்கள். அந்த வயதான அம்மா துண்டைக் குழாயில் அலசி, முறுக்கிப் பிழிந்து கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். என்னவோ சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

சூப் பயங்கரக் காரம். மனைவி கண்ணில் நீர் வர வரக் குடித்தாள். இறாலைக் கையால்தான் உரித்தாள். "அந்தக் குச்சிய புடிச்சினு இருந்தா பொழுது போய்டும்" என்றாள். என் கிண்ணத்திலிருந்தும் இரண்டு இறாலை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார், அதையும் சொன்னேன். தோஸ்த் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த கட்டடத்துக்குப் பக்கத்தில் பந்தலும் மேடையும் போட்டு, பளபளக்கிற உடையில் ஒரு பெண் சீனத்தில் பாடிக்கொண்டிருந்தாள். முன்வரிசை நாற்காலிகள் முழுக்கக் காலி. மனைவி விறுவிறுவென்று அங்கே போனாள். பெரியவர் ஒருவர் பதறிக் கையாட்டித் தடுத்தார். இது சீனர்கள் செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற மாதம், முன்வரிசை அந்தச் செத்துப்போனவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கான இடம் என்று சாயங்காலம் மகள் சொல்லித்தான் தெரிந்தது. "இன்னா பேஜாரு, இந்த ஊர்ல செத்தவங்களும் எடம் புடிக்கிறாங்க" என்றாள் மனைவி.

"தனியாவா போனீங்க? யாரு வாங்கிக் குடுத்தது?" மகள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க நைனாதான்" என்றாள் அவள் அம்மா, வேறு யார் வாங்குவார்கள் என்பதுபோல.

அதன் பிறகு அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூட வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாடி பஸ்ஸில் மேலே முன்னால் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போனோம். தப்பான பக்கம் இறங்கினோம், வழி கேட்டு வந்து சேர்ந்தோம். நான்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நால்வருமாக அதே கூடத்துக்குப் போனோம். மருமகன் வழக்கம்போல, "மாமா, நீங்க உக்காருங்க, நான் போய்..." என்று எழுந்தார்.

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க குந்துங்க மாப்பிள்ள. இன்னா வேணுமோ மாமாகிட்ட சொல்லுங்க."

நான் எழுந்து நின்று மூவரையும் கேட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது காதில் விழவில்லைபோல.

"இன்னாம்மா, சீக்கிரம் சொல்லு. கூட்டம் ஜாஸ்தியாவுது" என்றேன்.